வழியின் பங்கு

இரவு பதினொன்றுக்கு என் முறை.
பெருமாள்புரம் ஹாஸ்டல், ஜன்னலோரக் கட்டில்,
மடியில் கணினி, அதற்குள்
வேறொரு கண்டத்தின் மலைக்கடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி,
சுவரெங்கும் கண்கள்.

கற்றை கிளம்பும் இடம்
தொட்டிக்கு அறுநூற்றைம்பது கிலோமீட்டர்.
நெல்லை எக்ஸ்பிரஸ் ராத்திரி முழுக்க ஓடும் தூரம்.
நியூட்ரினோவுக்கு இரண்டு மில்லிசெகண்ட்.
நடுவழியில் எட்டு கிலோமீட்டர் ஆழத்துப் பாறை
இருப்பதே அதற்குத் தெரியாது
என்றுதான் நானும் முதலில் படித்தேன்.

மியூவான் வகையாகப் புறப்பட்டது
சில சமயம் எலக்ட்ரான் வகையாக வந்து சேரும்.
டீ கிளாஸ் மேசையில் விட்ட வட்டம்போல்
ஓரம் கூர்மையாக விழுந்தால் பழைய வகை.
அதையே புறங்கையால் லேசாக இழுத்துவிட்டதுபோல்
கலைந்திருந்தால்
மாறிய ஒன்று.
கலைந்த வட்டங்களை எண்ணுவது என் வேலை.

காலையில் மகாராஜநகரில் வீடு பார்க்கப் போனேன்.
மாடி போர்ஷன். ஆற்றுத் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்.
"வேலை?"
"ஆராய்ச்சி."
"ஊரு?"
"இங்கதான்."
"அதுக்கு முன்ன?"
"பெங்களூரு."
"அதுக்கும் முன்ன?"
சொன்னேன்.
"அங்க எந்தத் தெரு?"
அதையும் சொன்னேன்.
சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு
"கேட்டுச் சொல்லுதேன்" என்றார்.
யாரைக் கேட்டு என்று சொல்லவில்லை.

புறப்பட்ட இடத்தில் என்ன வகை,
வந்த இடத்தில் என்ன வகை.
இரண்டு முனையிலும்தான் கேள்வி.
நடுவில் அது எந்த வகையும் இல்லை.
மூன்று எடைகளின் கலவை
தனக்குள்ளே முந்தியும் பிந்தியும்
தாளம் தப்பிப் போய்க்கொண்டிருக்கிறது.

போன மாதம்
காந்தக் கொம்பில் மின்னோட்டத்தைத் திருப்பினார்கள்.
இப்போது வருவது எதிர்நியூட்ரினோ.
கண்ணாடி நேர்மையானதென்றால்
இதுவும் அதுவும் ஒரே விகிதத்தில் மாற வேண்டும்.
மாறவில்லை என்றால்
ஆதியில் எல்லாம் ஒன்றையொன்று அழித்துத் தீர்ந்த பிறகும்
குறுக்குத்துறைப் பாறைகள், பேட்டை ரைஸ்மில், நான்
என்று கொஞ்சம் மிஞ்சியது எப்படி என்பதற்கு
ஒரு தடயம் கிடைக்கலாம்.
கிடைக்காமலும் போகலாம்.

ஆனால் பாறை நடுநிலை இல்லை.
பாறைக்குள் எலக்ட்ரான் உண்டு, பாசிட்ரான் கிடையாது.
ஒன்று மாறக் கைகொடுக்கும், மற்றதைத் தடுக்கும்.
கண்ணாடியே சரியாக இருந்தாலும்
கணக்கு சாய்ந்துதான் வரும்.
பயணியின் குணம் எவ்வளவு, வழியின் பங்கு எவ்வளவு?
வழியைக் கழிக்காமல்
பயணியைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது.
எங்கள் தொழிலில் இது முதல் பாடம்.

வண்ணார்பேட்டை நிறுத்தத்தில்
மணிக்கட்டுக் கயிற்றைச் சட்டைக்கைக்குள் இழுத்துவிட்டு
பஸ்ஸுக்கு நிற்கும் பையன்களின்
மதிப்பெண்ணைப் பற்றிப் பேசுகிறவர்கள்
எதையும் கழிப்பதாகத் தெரியவில்லை.

நாலு பத்துக்குத் திரையில் செய்தி.
தொட்டிக்கு மேல் கட்டுப்பாட்டு அறையிலிருந்து சுகிர்தராஜ்:
"வடிவு, பாத்தியா?"
பார்த்தேன்.
ஓரம் கலைந்து, நடுவில் மங்கி,
யாரோ துடைக்க மறந்ததுபோல் ஒரு வட்டம்.
இந்த மாதத்தில் இரண்டாவது.
இது எதையும் நிரூபிக்காது.
இருந்தும் எழுந்து நின்றேன்.

அந்த நேரத்தில்
தெற்கே கூடங்குளத்து உலையிலிருந்து
எண்ணில் அடங்காத எதிர்நியூட்ரினோக்கள்
ஹாஸ்டல் சுவரை, என்னை,
மகாராஜநகரில் வீட்டுக்காரரின் தூக்கத்தை,
அவர் சட்டைப்பைச் சாவியைக்
கடந்து போயிருக்கும்.
ஒரு கேள்வி கேட்டிருக்காது.

ஆறு மணிக்குக் குறிப்பேட்டை மூடினேன்.
கற்றை: சீர். தண்ணீர்: தெளிவு.
பிற குறிப்புகள்: இல்லை.
ஏழரைக்கு அவர் ஃபோன்.
"சொந்தக்காரப் பையன் ஒருத்தன் வாரான், தப்பா நெனைக்காதம்மா."

தியாகராஜநகரில் இன்னொரு மாடி காலியாம்.
பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.
இது ஐந்தாவது வீடு.
பிழையெல்லை இன்னும் பெரிது,
எண்ணிக்கை போதாது.